நாற்பது ஜோடிகளும் ஓர் ஒற்றைச் செருப்பும்

தயாபுரத்தில் சபையார் எல்லாரும் கூடி உண்ணும் அசனப் பண்டிகை முடிந்த மறுநாள், திங்கட்கிழமை விடிகாலையில், பால் வாங்கக் கதவைத் திறந்த கெத்சியாள் தன் வீட்டு வாசலில் நாற்பது ஜோடிச் செருப்புகளையும் ஓர் ஒற்றைச் செருப்பையும் பார்த்தாள். வீட்டுக்குள் யாரோ இறந்திருக்க வேண்டும் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அத்தனை செருப்புகள் ஒரு வாசலில் சேர்வதற்கு அந்த ஊரில் வேறு காரணம் கிடையாது. திரும்பிப் பார்த்தாள். மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருக்கும் அவளுடைய கணவன் பாக்கியநாதன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் இருந்தது அவர்கள் இருவர்தான். ஆகவே யாரும் சாகவில்லை என்று முடிவு செய்து, செருப்புகளை மிதிக்காமல் ஓரமாகக் கால் வைத்துப் போய்ப் பால் வாங்கிவந்தாள்.

ஆறரை மணிக்கு மேல் ஆட்கள் வெறுங்காலோடு வரத் தொடங்கினார்கள். அவரவர் வீட்டில் செருப்பைக் காணாமல் தேடி, நாயைத் திட்டி, பக்கத்து வீட்டைச் சந்தேகப்பட்டு, கடைசியில் யார் சொல்லியோ இங்கே வந்து சேர்ந்தவர்கள். முதலில் ஆட்டோ ஓட்டும் சுடலைமணி வந்தான். பிறகு மீன் விற்கும் லூர்தம்மாள் கூடையோடு வந்தாள். தையல் கடை பஷீர் பாய், பத்து வருடங்களுக்கு முன் இடது காலை இழந்த ஓய்வுபெற்ற தபால்காரர் தேவதாசன், சபைப் போதகரான சத்தியநேசன் ஐயர் என்று ஒவ்வொருவராக வந்து தங்கள் காலுக்குரியதைத் தேடி எடுத்தார்கள். தேவதாசன் தன் ஒற்றைச் செருப்பைக் கண்டதும் நெடுநாள் பிரிந்த ஒருவரைப் பார்த்ததுபோல் தலையசைத்தார். ஐயர் தம்முடைய தோல் செருப்பைப் போட்டுக்கொண்டு, காலையில் காற்று அதிகமாக இருந்தது போலிருக்கிறது என்று சொன்னார். தேரிக்காட்டுச் செம்மண் காற்றில் பறந்து வந்து வீடுகளுக்குள் படியும் ஊர் அது. செருப்பும் பறக்கலாம்தான் என்று இரண்டு பேர் ஆமோதித்தார்கள்.

சுடலைமணிதான் உண்மையைக் கண்டுபிடித்தான். அவன் யோசித்து எதையும் சொல்லவில்லை, வாயில் வந்ததைச் சொன்னான். போன மாதம் என் மகள் பரீட்சை எழுதியபோது அவளுக்காக ஜெபித்துக்கொள்வதாகச் சொன்னீர்களே அக்கா, அவள் பாஸாகிவிட்டாள், அதைச் சொல்லத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று கெத்சியாளிடம் சொன்னான். லூர்தம்மாள் தன் மருமகளின் பிரசவத்துக்கு அப்படிச் சொன்னதை நினைவுகூர்ந்தாள். பஷீர் பாய் தன்னுடைய கண் ஆபரேஷனைச் சொன்னார். தபால்காரர், இல்லாத காலில் இரவுகளில் வரும் வலிக்காகக் கேட்டிருந்தார். வாசலில் நின்ற ஒவ்வொருவரும் எப்போதோ ஒருமுறை கெத்சியாளிடம் தங்கள் கஷ்டத்தைச் சொல்லி, அவளிடமிருந்து "ஜெபிச்சுக்கிடுதேன்" என்ற சொல்லைப் பெற்றுக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்கள் என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிற்று.

"அப்ப ஜெபிக்கலியோ?" என்று லூர்தம்மாள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. மீன் நேற்றுப் பிடித்ததா என்று தன்னிடம் கேட்பவர்களின் குரலில் கேட்டாள்.

கெத்சியாளுக்கு நாற்பத்தாறு வயது. டாக்டர் சிவசங்கரனின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை. நோயாளிகள் டாக்டரிடம் சொல்வதற்கு முன்பே எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடுவார்கள், அவளும் எண்ணை எழுதிக்கொண்டே அந்த ஒரு சொல்லைச் சொல்வாள். அது அவளுடைய சொல் மட்டுமல்ல; தயாபுரத்தில் வணக்கத்துக்கும் விடைபெறுவதற்கும் நடுவில் உள்ள எல்லா இடைவெளிகளையும் நிரப்பும் சொல். ஆனால் அவள் சொன்னால் அதற்கு எடை அதிகம். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அவளைப்போல் ஜெபிப்பவர்கள் கிடையாது. கண்ணை மூடி வாய் திறந்தால் வானமும் சமுத்திரமும் அதின் மச்சங்களும் வந்துவிடும். முந்தின நாள் அசனப் பந்தியில் அவள் இருபத்திரண்டு நிமிடம் ஜெபித்ததில் சோறு குழைந்துபோயிற்று என்று சமையல்காரர்கள் சொன்னார்கள், சபையார் குழைந்த சோற்றையும் பெருமையோடு சாப்பிட்டார்கள். ஆனால் ஆள் இல்லாத இடத்தில், கதவை அடைத்துக்கொண்டு, கேட்பவர் ஒருவர் மட்டும் இருக்கும் நேரத்தில் அவள் முழங்கால் போட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அது யாருக்கும் தெரியாது. அவளுக்கும் ஏறக்குறைய மறந்துபோயிருந்தது.

எட்டு மணிக்குள் எல்லாச் செருப்புகளும் போய்விட்டன, ஒரு ஜோடியைத் தவிர. கறுப்பு நிறத்தில், மெத்தென்ற அடிப்பாகம் வைத்த எம்.சி.ஆர். செருப்பு. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கென்று செய்யப்படுவது, தூத்துக்குடியில் போய் அளவு கொடுத்து வாங்கிவர வேண்டும். அது யாருடையது என்று கெத்சியாள் அதன் மேல் குனிவதற்கு முன்பே அறிந்திருந்தாள். வலது செருப்பின் பெருவிரல் பதியும் இடம் குழிந்திருந்தது. அவளுடைய தங்கை எமீமாளுடையது.

எமீமாள் இரண்டு தெரு தள்ளி இருந்தாள். தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை, கணவனை இழந்தவள். அக்காவோடு பேசி ஆறு வருடங்கள் ஆகின்றன. ஆறு வருடங்களுக்கு முன் அவளுடைய ஒரே மகன் எபி கடற்கரைச் சாலையில் பைக்கோடு விழுந்து, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்தான். எமீமாள் தினமும் போன் செய்தாள். அக்கா, ஜெபி என்பாள். முழங்கால்லயேதான் இருக்கேன் எமி என்று கெத்சியாள் பதில் சொல்வாள். பத்தாவது நாள் சாயங்காலம் மாற்றுச் சேலை எடுக்க ஊருக்கு வந்த எமீமாள், சொல்லாமல் அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது, கெத்சியாள் டி.வி.க்கு முன் கால் நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டு, எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். எமீமாள் அப்படியே திரும்பிப் போனாள். எபி பிழைத்துவிட்டான், இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான். பிள்ளை பிழைத்துக்கொண்டான், பிறகென்ன என்று கெத்சியாள் ஆட்களை விட்டுச் சொல்லிப் பார்த்தாள். அப்போதுதான் ஜெபித்துவிட்டு எழுந்தேன் என்றும் சொல்லி அனுப்பினாள். எமீமாள் அதன் பிறகு கோவிலுக்கு வருவதை நிறுத்தினாள். கெத்சியாளுக்கு விடுமுறை நாளான வியாழக்கிழமைகளில் மட்டும் கிளினிக்குக்கு வந்து சர்க்கரை பார்த்துக்கொண்டாள்.

அன்று கெத்சியாள் அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் வீட்டை அடைவதற்குள் செருப்பு அவளுக்கு முன்பே வாசலில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுபோய்க் கொடுத்தபோதும் அப்படியே நடந்தது. உரியவர் வந்து தன் காலில் மாட்டிக்கொண்டு போனால்தான் போகும் என்பது ஊருக்குப் புரிந்தது. எமீமாளுக்குத் தகவல் போயிற்று. என் செருப்பு போன இடத்துக்கு நான் போக மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையிலும் நாற்பது ஜோடிகளும் ஒற்றைச் செருப்பும் இருந்தன. புதன்கிழமையும் இருந்தன. அவை வருவதை யாரும் பார்க்கவில்லை. பாக்கியநாதன் ஒருநாள் நாலு மணிக்கே நாற்காலி போட்டுக் காவல் இருந்தான். ஒரு தும்மல் வந்தது, கண்ணைத் திறந்தபோது முற்றம் நிறைந்திருந்தது என்றான். ஊர் இதற்கு வெகு சீக்கிரம் பழகிக்கொண்டது. காலையில் வெறுங்காலோடு கெத்சியாள் வீட்டுக்கு நடப்பது ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார், அவருடைய காலணிகளும் அங்கேதான் இருந்தன. சிலர் பழையதை எறிந்துவிட்டுப் புதிது வாங்கினார்கள், புதியதும் போயிற்று. சிலர் வாசலில் கூடி நின்று, அவரவருக்குச் சொல்லப்பட்ட ஜெபத்தை ஒருவருக்கொருவர் விசாரித்தார்கள். லூர்தம்மாளின் மருமகளுக்கு மூச்சுத்திணறல் இருப்பது பஷீர் பாய்க்குத் தெரிந்தது அப்படித்தான். தன் செருப்பு ஒருநாள்கூடக் காணாமல் போகாத சபைக் கணக்கர் மட்டும், தமக்காக ஜெபிப்பதாக அவள் ஒருதடவைகூடச் சொன்னதில்லையா என்று மனம் வருந்தினார். பாக்கியநாதனின் பிரச்சினை வேறு. "என் செருப்பு எப்பவும் இந்த வாசல்லதான கெடக்கு. எனக்கு நீ ஜெபிக்கியா இல்லியான்னு கண்டுபிடிக்க வழியே இல்லியே" என்றான். இது பற்றி அவன் பலரிடமும் குறைப்பட்டுக்கொண்டான்.

வியாழக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு, அரிசி டிரம்முக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் இருந்த சிறு இடத்தில், பழைய சேலை ஒன்றை மடித்துப் போட்டுக் கெத்சியாள் முழங்காலிட்டாள். செருப்புகளின் சொந்தக்காரர்கள் யாவரையும், அவர்கள் குடும்பங்களையும், சகல விண்ணப்பங்களையும் பாதபடியில் வைத்து, வானத்திலும் சமுத்திரத்திலும் தொடங்கி நன்றாகவே ஜெபித்தாள். எழுந்து கதவைத் திறந்தாள். ஒரு செருப்பும் அசையவில்லை. வெள்ளிக்கிழமை இன்னும் நீளமாக ஜெபித்தாள். சனிக்கிழமை அழுதுகொண்டு ஜெபித்தாள், அழுகை தனக்காகத்தான் என்பது பாதியிலேயே தெரிந்துவிட்டதால் நிறுத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வாசல் கதவைத் திறந்து வைத்து, உள்ளே தரையில் உட்கார்ந்து, ஓரத்தில் இருந்த ஜோடியிலிருந்து தொடங்கினாள். அது சுடலைமணியுடையது, பிரேக் பக்கத்துச் செருப்பு மட்டும் தேய்ந்திருந்தது. அவனுடைய மகளுக்காக என்று வாயெடுத்தவளுக்கு அந்தப் பெண்ணின் பெயர் தெரியவில்லை. பரீட்சை முடிந்துவிட்டது, பாஸாகிவிட்டாள், இனி அவளுக்கு என்ன வேண்டும் என்பதும் தெரியவில்லை. அன்று சுடலைமணி செருப்பெடுக்க வந்தபோது பெயரைக் கேட்டாள். பேச்சியம்மாள் என்றான். இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டாள். காலேஜுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டு, யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள் என்று அவன் சொன்னான், அதை அவன் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் விடிகாலையில் கெத்சியாள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பேச்சியம்மாளை மனதில் நிறுத்தி, அவளுக்கு எழுந்திருக்க மனம் கொடும் என்று மட்டும் கேட்டாள். அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லாததால் சற்று நேரம் அந்தப் பெண்ணோடு இருப்பதுபோல் இருந்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் முப்பத்தொன்பது ஜோடிகளும் ஒற்றைச் செருப்பும் இருந்தன.

இப்படித்தான் அவள் கற்றுக்கொண்டாள், ஒரு நாளைக்கு ஒரு ஜோடி, சில நாள் இரண்டு. பெயர் வேண்டும், விஷயம் வேண்டும், அழகு வேண்டாம். மனம் கிளினிக்குக்கு ஓடினால் கிளினிக்கைப் பற்றியே பேசிவிட்டுத் திரும்ப வேண்டும். ஒன்றும் தோன்றாத நாள்களில் எழுந்து போய்விடக் கூடாது, ஐந்தரை வரைக்கும் இருக்க வேண்டும். முதல் வாரத்தில் அந்த அரைமணி நேரம் நீண்டு நீண்டு ஒரு முழுப்பகலாகத் தெரிந்தது, இரண்டாம் மாதத்தில் பால்காரன் மணி அடித்ததும் அதற்குள்ளா என்றிருந்தது. செருப்புகள் குறைந்தன. ஆனால் ஒன்பது ஜோடிகள் ஜெபித்த மறுநாள் போய்விட்டு அதற்கடுத்த நாள் திரும்ப வந்தன. யோசித்ததில், அந்த ஒன்பது பேரிடமும் தினமும் ஜெபிப்பதாகச் சொல்லியிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. தபால்காரரின் ஒற்றைச் செருப்பை இந்த ஒன்பதில் அவளே கருணையாக ஒரு ஜோடியாகச் சேர்த்துக்கொண்டாள். தினமும் என்றால் தினமும்தான். ஐந்தரைக்குள் அவர்கள் பெயரைச் சொல்லி முடித்தால் செருப்புகள் அவரவர் வீட்டிலேயே இருந்தன, தவறினால் இங்கே. சபையின் கன்வென்ஷன் கூட்டங்களில் அலைந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஏழு மணிவரை தூங்கிவிட்டாள். அன்று ஒன்பது பேர் வெறுங்காலோடு ஆராதனைக்குப் போக, பிரசங்க பீடத்திலிருந்து குனிந்து பார்த்த ஐயர் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார். அவருடைய காலும் ஒன்பதில் ஒன்று.

ஊரில் பேச்சு மாறியது. யாரும் முன்போல் ஜெபித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு நகரவில்லை. இந்த வியாதி நாளைக்கு நம் வாசலுக்கும் வரலாம் என்ற பயத்தில் தொடங்கியது, பிறகு பயம் போய் வழக்கம் மட்டும் நின்றது. கேட்டவர் முன்னாலேயே, சந்தையில் மீன்கூடையைப் பிடித்தபடியோ பஸ்ஸின் படியில் நின்றபடியோ, கண்ணை மூடி இரண்டு வரி சொல்லி முடித்துவிட்டார்கள். ஜெபிக்க முடியாதவர்கள் "இன்னைக்கு நேரமில்ல மைனி, பொய் சொல்ல மாட்டேன்" என்று சொல்லப் பழகினார்கள், அதைக் கேட்டவர்களும் மதிப்பாக எடுத்துக்கொண்டார்கள். தாம் தினமும் காலையில் முதல் வேலையாகத் தம் வீட்டு வாசலை எட்டிப் பார்ப்பதாக ஐயர் ஒருநாள் கெத்சியாளிடம் தாழ்ந்த குரலில் ஒப்புக்கொண்டார். கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும்போது அவள் நாக்கின் நுனிவரை வந்த சொல்லை நிறுத்தி, பெயர் என்ன என்று கேட்டு, மூன்று மூச்சு அளவுக்குக் கண்ணை மூடுவாள். பதினான்காம் நம்பர் காத்திருக்கும். யாரும் முணுமுணுக்கவில்லை, தங்கள் முறையும் வரும் என்று தெரியும்.

எமீமாளின் செருப்பு மட்டும் போகவில்லை. அவள் அதே மாதிரி புதிதாக வாங்கிய இரண்டு ஜோடிகளும் வந்து முதல் ஜோடிக்குப் பக்கத்தில் நின்றன. அதன் பிறகு அவள் வாங்கவில்லை. சாதாரணச் செருப்பு அந்தக் காலில் உரசும், வாங்கினாலும் ஒரு நாளுக்கு மேல் தங்காது. அவள் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, வெயிலில் கொதிக்கும் செம்மண் பாதையில் பள்ளிக்கு நடந்தாள். வலது பெருவிரலின் அடியில் முதலில் ஒரு கொப்புளம் வந்தது. அது உடைந்து புண்ணாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் கெத்சியாளை உள்ளே கூப்பிட்டு, நேற்று உங்கள் தங்கை வந்திருந்தார், இன்னும் மூன்று வாரம் அந்தக் கால் இப்படி நடந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், அதோடு நின்றால் அதிர்ஷ்டம் என்றார். நீங்கள் இரண்டு பேரும் எதில் பிடிவாதமாக இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது, கால் எதையும் கேட்டுக்கொண்டிருக்காது என்றும் சொன்னார்.

கெத்சியாள் அதற்கு முன்பே ஜெபிக்காமல் இல்லை. மற்ற எல்லாச் செருப்புகளையும் அனுப்பி வைத்த பிறகு கறுப்புச் செருப்பை எடுத்து எதிரில் வைத்துக்கொள்வாள். புண் ஆற வேண்டும் என்று கேட்பாள். தங்கையின் மனம் இளக வேண்டும் என்று கேட்பாள். பெயர் இருந்தது, விஷயம் இருந்தது, அழகு இல்லை, கண்ணீர்கூட இப்போது எமிக்காகத்தான் வந்தது. மறுநாளும் செருப்பு அங்கேயே இருக்கும். டாக்டர் சொன்ன பிறகு ஐந்து மணியை நாலரையாக்கினாள். இரண்டு வாரம் போயிற்று. பள்ளியில் எமீமாள் நாற்காலியில் உட்கார்ந்தே பாடம் நடத்துகிறாள் என்று கேள்விப்பட்டாள்.

ஒரு திங்கட்கிழமை விடிகாலையில் அவளிடம் கேட்பதற்கு வார்த்தைகள் தீர்ந்துபோயின. கறுப்புச் செருப்பு எதிரில் இருந்தது. எழுந்துவிடக் கூடாது என்பது பழக்கமாகியிருந்ததால் எழாமல் இருந்தாள். வெளியே காற்று மண்ணை ஜன்னல் கதவில் தூவிக்கொண்டிருந்தது, அந்தச் சரசரப்பு பூண்டுத் தோல் உதிரும் சத்தம்போலிருந்தது. எபி கிடந்த அந்தப் பத்தாவது நாளின் சாயங்காலம் அவளுக்கு முழுசாக நினைவில் வந்தது. அப்போதுதான் ஜெபித்து எழுந்தேன் என்று ஆறு வருடங்களாகச் சொல்லி, சொல்லி, அதை நம்பி, அந்த நம்பிக்கையின் மேல் நின்றுகொண்டு தங்கையின் மனம் இளகும்படி கேட்டுக்கொண்டிருந்தாள். இளக வேண்டியது எது என்பதை அவள் கேட்டதே இல்லை. இப்போது கேட்காமலே தெரிந்தது. கடவுளிடம் சொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை, எமியிடம் சொல்ல ஒன்று இருந்தது. ஐந்தரை ஆகவில்லை. ஆகும்வரை இருந்துவிட்டு எழுந்தாள்.

ஏழு மணிக்கு எமீமாள் வீட்டுப் படியில் உட்கார்ந்து புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தாள். எதிரே தெருக்குழாயில் நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். கெத்சியாள் படிக்குக் கீழே நின்றாள்.

"எமி, அன்னைக்கு நான் முழங்கால்ல இல்ல. பதினோரு நாளும் இல்ல. ஒருநாள்கூட இல்ல."

எமீமாள் தலை நிமிரவில்லை. பஞ்சை வைத்து அதன் மேல் துணியைச் சுற்றினாள். குழாயடியில் ஒரு குடம் நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"ஒனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். நான் சொல்லல. அதான் வந்தேன்."

"அதச் சொல்ல ஒனக்கு ஆறு வருசமாயிருக்கு."

"ஆமா."

எமீமாள் துணியின் முனையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிளாஸ்திரியைக் கிழிக்க முயன்றாள், முடியவில்லை. "அவன் பொழச்சதுக்கு நான் ஒன்கிட்ட ஒண்ணும் கேக்கல. செத்திருந்தாலும் ஒன்னக் கேட்டிருக்க மாட்டேன். அந்தப் பதினோரு நாளும் அந்த வராந்தால எனக்குத் தொணைக்கு ஒரு ஆளு இருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன் பாரு. அதத்தான் நீ இல்லன்னு ஆக்கிட்ட."

சொல்வதற்குரியதைச் சொல்லி முடித்தாயிற்று. கெத்சியாள் குனிந்து பிளாஸ்திரியை வாங்கிப் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தாள். எமீமாள் ஒட்டினாள். இன்னொரு துண்டு கேட்டாள். அதையும் கிழித்துக் கொடுத்தாள்.

"ஜெபம் கிபம்னு இங்க ஆரம்பிச்சிராத" என்றாள் எமீமாள். "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு."

சரி என்று சொல்லிவிட்டுக் கெத்சியாள் திரும்பி நடந்தாள். தங்கை அவளைக் கூப்பிடவில்லை, சுடலைமணியின் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் மட்டும் பின்னால் கேட்டது. அவன் சில நாள்களாக யாரும் சொல்லாமலே டீச்சரைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடிகாலையில் அவள் கறுப்புச் செருப்பைக் கையில் எடுக்கவில்லை, அது வெளியே இருக்கட்டும் என்று கதவை அடைத்துக்கொண்டாள். புண்ணைப் பற்றியும் கேட்கவில்லை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியின் நீள வராந்தாவில், பச்சைப் பெயின்ட் அடித்த பெஞ்சில், டிபன் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எமீமாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் எபி கிடந்தான். ஆறு வருடம் தாமதமாக வந்தது அங்கே யாருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. ஆண்டவரே, இந்தப் பையனைக் காப்பாற்றும் என்று அவள் முதல்முறையாகக் கேட்டாள், அவன் இந்நேரம் ஓசூரில் ஷிப்ட் முடிந்து டீ குடித்துக்கொண்டிருப்பான் என்று தெரிந்தே, முடிவு தெரியாத ஒருத்தியின் நடுக்கத்தோடு கேட்டாள். பால்காரன் மணி அடித்துவிட்டுப் போய்விட்டான். வெளியே வந்தபோது மூன்று ஜோடிக் கறுப்புச் செருப்புகளும் இல்லை. அவை நின்ற இடத்தில் செம்மண் படியாமல் சுத்தமாக இருந்தது, சற்று நேரத்தில் காற்று அதையும் மூடிவிட்டது.

அவள் அதோடு விடவில்லை. பதினோரு நாளும் வராந்தாவுக்குப் போனாள். செருப்பு போய்விட்டதே, இன்னும் என்ன என்று பாக்கியநாதன் கேட்டான். செருப்புக்காகப் போகல என்றாள்.

புண் உடனே ஆறிவிடவில்லை. டாக்டர் வாரம் இருமுறை சதையைச் சுரண்டி மருந்து வைத்தார், மாத்திரையைக் கூட்டினார், எமீமாள் மூன்று வாரம் விடுப்பு எடுத்துக் காலை உயர்த்தி வைத்துக்கொண்டு படுத்திருந்தாள், எபி வந்து பத்து நாள் இருந்து சமைத்துப் போட்டான். மெல்ல மெல்ல ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகத் தோல் வளர்ந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, வியாழக்கிழமை அல்ல, எமீமாள் கறுப்புச் செருப்போடு கிளினிக்குக்குள் நடந்துவந்து கையை நீட்டினாள். கெத்சியாள் ஒன்பதாம் நம்பரைக் கொடுத்தாள். டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்த எமீமாள், விரல் தப்பிச்சிட்டாம் என்றாள், அதைச் சொல்லத்தான் மேஜை அருகே நின்றதுபோல் நின்றாள்.

பிறகு, "ஒனக்கு மூட்டுவலின்னு அத்தான் சொன்னாரு. விடியக்காலம் முழங்கால் போட்டுப் போட்டுத்தான் இருக்கும்."

"இருக்கட்டும்."

"நான் ஜெபிச்சுக்கிடுதேன்" என்றாள் எமீமாள்.

அந்த ஊரில் பிறந்து வளர்ந்த நாக்கு, யோசிக்காமல் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எமீமாள் ஜெபித்து ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. சொன்னதைத் திருப்பி எடுக்க அவள் வாய் திறந்ததுபோலிருந்தது. எடுக்கவில்லை. வெளியே போய் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் ஐந்தரைக்குக் கெத்சியாள் கதவைத் திறந்தபோது, வாசலில் பாக்கியநாதனின் செருப்பு மட்டும் தனியாக இருந்தது. அதன் பக்கத்தில் கிடக்கும் அவளுடைய பச்சை வார்ச் செருப்பைக் காணவில்லை. அவள் தேடவில்லை. பாலை அடுப்பில் வைத்து இறக்கிவிட்டு, வெறுங்காலோடு இரண்டு தெருவைக் கடந்துபோனாள். மண் இன்னும் சூடேறவில்லை, குளிர்ந்து கிடந்தது. எமீமாளின் வீட்டுக்கதவு மூடியிருந்தது. மூடிய கதவுக்கு முன்னால், கறுப்புச் செருப்புக்குப் பக்கத்தில், பச்சைச் செருப்பு உள்ளே போனவர் விட்டுவிட்டுப் போனதுபோல் ஒழுங்காக இருந்தது.

மாட்டிக்கொண்டு வந்துவிடலாம், அவளுக்கு உரியதுதான். அவள் மாட்டிக்கொள்ளவில்லை. எமி எப்போதும் ஆறரைக்கு எழுந்திருப்பவள். கதவைத் திறப்பாள். பார்ப்பாள். பார்த்ததும் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாமல் சற்று நேரம் நிற்பாள், பிறகு தெரிந்துகொள்வாள். அதற்கு எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும் என்று கெத்சியாள் வந்த வழியே திரும்பினாள்.

அன்று முழுக்கக் கிளினிக்கில் அவள் வெறுங்காலோடு டோக்கன் கொடுத்தாள். ஊரில் எல்லாருக்கும் கால்களைப் பார்த்துப் பழக்கமாகிவிட்டிருந்ததால் வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், செருப்பு எங்கே என்று. தங்கச்சி வீட்டுல இருக்கு என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.